நடுப்புள்ளியில் யாரும் குடியிருக்கவில்லை

ப்ளஸ் ஒன் மாணவி, கோவில்பட்டி: 40 பேருடைய மதிப்பெண்ணும் தனித்தனியாகக் கையில் இருக்கிறது. அதை எதற்கு 0–10, 10–20 என்று பிரிவுகளில் போட்டு அடைத்து, அப்புறம் சராசரி காணச் சொல்கிறார்கள்?

உங்களை வேலை வாங்கத்தான். 40 எண்களைக் கால்குலேட்டரில் தட்டினால் ஐந்து நிமிடத்தில் துல்லியமான சராசரி வந்துவிடும். நேர்க்கோட்டுக் குறி போட்டு, நிகழ்வெண் எண்ணி, மைய மதிப்பால் பெருக்கி, கூட்டி, வகுத்தால் அரை மணி நேரம் ஆகும். வருவதும் தோராயமான சராசரிதான். மூல எண்கள் கையில் இருக்கும்போது தொகுத்துச் சராசரி காண்பது கைப்பழக்கத்துக்கு உதவும், அவ்வளவே.

ஆனால் பள்ளியை விட்டு வெளியே வந்தால் மூல எண்கள் கண்ணில் படாது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 20–24 வயதில் இத்தனை லட்சம் பேர் என்று அச்சிடும். பக்கத்து வீட்டு அக்காவின் வயதை அச்சிடாது, அச்சிட்டால் அக்கா சும்மா விடமாட்டார். வேறொருவர் தொகுத்துக் கொடுத்த அட்டவணையிலிருந்து எவ்வளவு மீட்க முடியும், எவ்வளவு போனது போனதுதான் என்று கண்டுபிடிக்கத்தான் இந்தப் பாடம். பாடப்புத்தகம் அதை அந்தப் பக்கத்திலிருந்து சொல்வதில்லை.

ஒன்பதாம் வகுப்பு மாணவர், பண்ருட்டி: 10–20, 20–30 என்று பிரிவுகள். சரியாக 20 எடுத்தவன் எங்கே போவான்?

20–30க்கு. மேல் எல்லையைத் தொட்டவரை அடுத்த பிரிவு எடுத்துக்கொள்ளும். இந்த விதி எல்லோரிடமும் ஒழுங்காக நடந்துகொள்ளும், சென்டம் எடுத்தவரிடம் மட்டும் திருதிருவென முழிக்கும். 90–100இல் 100 சேராது. அவருக்காக 100–110 என்று ஒரு பிரிவு திறந்தால், நூற்றுக்கு 107 வாங்கியது யார் என்று தலைமையாசிரியர் கேட்பார். கடைசிப் பிரிவில் மட்டும் 100ஐயும் சேர்த்துக்கொண்டு, அதை அட்டவணைக்குக் கீழே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

பி.ஏ. பொருளியல் மாணவர், திருவாரூர்: ஒரு பிரிவில் இருக்கிற அத்தனை பேருக்கும் மைய மதிப்பையே கொடுத்துவிடுகிறோமே, இது நியாயமா?

இந்தப் பாடத்தில் கேட்க வேண்டிய கேள்வி இது ஒன்றுதான். மற்றவை எல்லாம் இதன் பிள்ளைகள்.

பிரிவுக்குள் இருப்பவர்கள் மையத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஏறத்தாழச் சமமாகப் பரவியிருந்தால் நியாயம். இல்லையென்றால்? திருவாரூர்க்காரர் என்பதால் நிலத்திலேயே சொல்கிறேன். இந்திய வேளாண்மைக் கணக்கெடுப்பு நில உடைமைகளை ஐந்து பிரிவாகப் பிரிக்கிறது: 1 ஹெக்டேருக்குக் கீழ் குறு, 1–2 சிறு, 2–4 சிறு-நடுத்தரம், 4–10 நடுத்தரம், 10க்கு மேல் பெரு உடைமை. 2015–16 கணக்கில் இவற்றின் பங்கு முறையே 68.45, 17.62, 9.55, 3.80, 0.57 சதவீதம்.

பாடப்புத்தக முறைப்படி மைய மதிப்புகள் 0.5, 1.5, 3, 7. கடைசிப் பிரிவுக்கு மேல் எல்லையே கிடையாது. அதற்கு மட்டும் அறிக்கையே தரும் உண்மைச் சராசரியான 17.07ஐ இரவல் வாங்கிக்கொள்வோம். பெருக்கிக் கூட்டினால் ஓர் உடைமையின் சராசரி 1.26 ஹெக்டேர் வருகிறது. அறிக்கை சொல்லும் உண்மைச் சராசரி 1.08தான். உடைமைக்கு 0.18 ஹெக்டேர், நம் ஊர்க் கணக்கில் 44 சென்ட், சும்மா கூடிவிட்டது.

44 சென்ட்தானே என்று விட்டுவிடாதீர்கள். நாட்டில் அப்போது இருந்த உடைமைகள் சுமார் 14.6 கோடி. பெருக்கிப் பார்த்தால் ஏறக்குறைய 2.6 கோடி ஹெக்டேர். தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே 1.3 கோடி ஹெக்டேர்தான். ஆக, மைய மதிப்பை நம்பியதில் இந்தியாவில் இல்லாத இரண்டு தமிழ்நாட்டை உழுது முடித்துவிட்டோம்.

காரணம் ஒளிவுமறைவானது இல்லை. குறு உடைமைகளின் உண்மைச் சராசரி 0.38, நாம் கொடுத்தது 0.5. சிறு உடைமை 1.40, கொடுத்தது 1.5. அடுத்தது 2.69, கொடுத்தது 3. அதற்கடுத்தது 5.72, கொடுத்தது 7. எல்லாப் பிரிவிலும் ஒரே திசையில் தவறு. நிலம் சிறியதாகச் சிறியதாக உடைமைகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போவதால், ஒவ்வொரு பிரிவிலும் ஆட்கள் கீழ் எல்லைப் பக்கமாகவே நெருக்கியடித்து நிற்கிறார்கள். மையத்தில் நிற்கச் சொல்லி நாம் அழைத்தோம், அவர்கள் வரவில்லை.

மதிப்பெண், உயரம் போன்றவற்றில் இந்தத் தொல்லை குறைவு. அங்கே உச்சிக்கு இடப்பக்கம் இருக்கும் பிரிவுகளில் ஆட்கள் மேல்நோக்கிச் சாய்வார்கள், வலப்பக்கம் கீழ்நோக்கிச் சாய்வார்கள், இரண்டு தவறும் ஒன்றையொன்று பெருமளவு அடித்துக்கொள்ளும். நிலம், வருமானம், சொத்து என்று ஒரே பக்கம் வால் நீண்டவற்றில் அப்படி அடித்துக்கொள்ள எதிராளி இல்லை.

வங்கி ஊழியர், கரூர்: "10க்கு மேல்", "1 லட்சத்துக்கு மேல்" என்று கடைசிப் பிரிவைத் திறந்துவிட்டால் மைய மதிப்பு எப்படிக் காண்பது?

காண முடியாது. கற்பிக்கலாம். முந்தைய பிரிவின் அகலத்தையே கடைசிக்கும் கொடுப்பது வழக்கம். மேலே சொன்ன நிலக் கணக்கில் அப்படிச் செய்தால் 10–16, மைய மதிப்பு 13. உண்மைச் சராசரி 17.07. மேலே நான் ஏன் இரவல் வாங்கினேன் என்று இப்போது புரிந்திருக்கும். திறந்த பிரிவு கண்ணில் பட்டால் சராசரியை விட்டுவிட்டு இடைநிலை அளவுக்குப் போய்விடுங்கள். கடைசி வரிசையில் இருப்பவரிடம் 11 ஹெக்டேர் இருந்தாலும் 1,100 இருந்தாலும் இடைநிலை அளவு அசையாது.

கல்லூரி மாணவி, நாகர்கோவில்: தனித்தனி எண்கள் என்றால் (N+1)/2ஆவது உறுப்பு. தொகுத்தவுடன் N/2 ஆகிவிடுகிறது. அந்த 1 எங்கே போயிற்று?

ஆட்கள் போனபோது அதுவும் கூடவே போய்விட்டது. தனித்தனி எண்களில் நீங்கள் தேடுவது வரிசையின் நடுவில் நிற்கும் ஆளை. 41 பேரில் 21ஆவது ஆள். தொகுத்த பிறகு ஆட்கள் இல்லை, பரப்புதான் இருக்கிறது. அந்தப் பரப்பை இரண்டு சமபாதியாக வெட்டும் கோடு எங்கே விழும் என்பதே கேள்வி. சமபாதிக்கு N/2 போதும்.

இதைப் போட்டுப் பார்க்க 1662ஆம் ஆண்டின் அட்டவணை ஒன்று இருக்கிறது. ஜான் கிராண்ட் என்ற லண்டன் துணி வியாபாரி, அந்நகரத்தின் இறப்புப் பட்டியல்களை ஆராய்ந்து வெளியிட்டது. பிறக்கும் 100 பேரில் 6 வயதுக்குள் 36 பேர் இறக்கிறார்கள், 6–16க்குள் 24, அடுத்தடுத்த பத்தாண்டுகளில் 15, 9, 6, 4, 3, 2, மிஞ்சிய ஒருவர் 80க்குள். N/2 என்றால் 50. முதல் பிரிவிலேயே 36 முடிந்துவிட்டது, இன்னும் 14 வேண்டும். 6–16இல் இருப்பது 24. 14ஐ 24ஆல் வகுத்து 10ஆல் பெருக்கினால் 5.8. இடைநிலை வயது 11.8. பாதிப் பேர் பன்னிரண்டு வயதைப் பார்க்கவில்லை.

கூட்டுச் சராசரி போட்டால் 18.2 வருகிறது. இதிலும் நம் பழைய வில்லன் வேலை செய்திருக்கிறான். 0–6இல் இறந்த 36 பேருக்கும் 3 வயது என்று கொடுத்தோம். அந்தக் காலத்தில் குழந்தைச் சாவு பெரும்பாலும் முதல் ஆண்டிலேயே. ஆகவே 18.2 கொஞ்சம் தாராளம். இதில் இன்னொரு வேடிக்கை: அந்தப் பட்டியல்களில் இறந்தவர்களின் வயதே அப்போது பதியப்படவில்லை. எந்த நோயில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதை வைத்தே, இவை குழந்தை நோய்கள், இவை முதுமையில் வருபவை என்று கிராண்ட் வயதை ஊகித்தார். அட்டவணைக்குப் பின்னால் மூல எண்களே இல்லாமல் தொகுக்கப்பட்ட விவரம் அது. அதிலிருந்து எத்தனை தசமம் வேண்டுமானாலும் எடுக்கலாம்; 11.83 என்று எழுதினால் முழு மதிப்பெண்கூடக் கிடைக்கும்.

பத்தாம் வகுப்பு மாணவர், ஓசூர்: ஊகச் சராசரி முறையில் எந்த எண்ணை வேண்டுமானாலும் ஊகிக்கலாமா?

உங்கள் வீட்டு மின் இணைப்பு எண்ணைக்கூட ஊகிக்கலாம். விடை மாறாது, கைதான் வலிக்கும். நடுவில் இருக்கும் பிரிவின் மைய மதிப்பை எடுக்கச் சொல்வது எண்கள் சிறியதாக இருக்கட்டும் என்ற கருணையில்.

அங்கன்வாடிப் பணியாளர், விழுப்புரம்: 0–4, 5–9 என்று வயதுப் பிரிவுகள். இடைவெளியை அடைக்க 0.5 கழித்து, 0.5 கூட்ட வேண்டும் என்று என் மகள் சொல்கிறாள். சரிதானா?

மகளின் புத்தகம் சரி, வயதுக்கு மட்டும் அது பொருந்தாது. உயரத்தை அருகிலுள்ள முழு சென்டிமீட்டருக்குத் திருத்தி எழுதினால், 150 என்பது 149.5லிருந்து 150.5 வரை. அங்கே 0.5 சரி. வயதை அப்படி யாரும் திருத்துவதில்லை. நாலு வயது பதினொரு மாதம் ஆன குழந்தையையும் "நாலு முடிஞ்சிருக்கு" என்றுதான் சொல்வோம். ஆகவே 0–4 என்பது 0 முதல் 5 வரை, 5 நீங்கலாக. மைய மதிப்பு 2.5, 2 இல்லை. மகள் சொல்கிற மாதிரி 0.5 கழித்தால் முதல் பிரிவு −0.5இல் தொடங்கும், பிறப்பதற்கு ஆறு மாதம் முன்பே பிள்ளைக்கு உங்கள் பதிவேட்டில் இடம் கிடைக்கும்.

ஆராய்ச்சி மாணவர், சிதம்பரம்: வயதை எல்லோரும் 30, 35, 40 என்று உருட்டிச் சொல்கிறார்கள். தொகுத்துவிட்டால் இந்தக் குறை மறைந்துவிடும் அல்லவா?

மறையும், தீராது. நம் கணக்கெடுப்புகளின் ஒற்றை வயது அட்டவணையைப் பார்த்தால் 0இலும் 5இலும் முடியும் வயதுகள் மேடு மேடாக நிற்கும். 30–34 என்று தொகுத்ததும் மேடு கண்ணிலிருந்து மறைகிறது. ஆனால் அந்த மேடு பிரிவின் முதல் வயதிலேயே நிற்கிறது. 32.5 என்று மைய மதிப்பு கொடுக்கும்போது, "முப்பது" என்று சொன்ன கூட்டத்தையும் சேர்த்து இரண்டரை வயது தள்ளிவிடுகிறோம். அதில் எத்தனை பேர் உண்மையில் 28, எத்தனை பேர் 33 என்பது அவர்களுக்கே வெளிச்சம்.

இந்த விஷயத்தில் பிரான்சிஸ் கால்டனிடம் கற்றுக்கொள்ளலாம். 1886இல் 205 பெற்றோர் இணைகள், அவர்களின் வளர்ந்த பிள்ளைகள் 928 பேர் என்று உயரங்களை அங்குல அகலப் பிரிவுகளில் தொகுத்து அட்டவணை போட்டார். பெண்களின் உயரத்தை 1.08ஆல் பெருக்கி ஆண்களோடு சேர்த்தார். அது தனிக் கதை. அட்டவணையின் தலைப்புகளைப் பாருங்கள்: 62.2, 63.2, 64.2... 62க்கும் 63க்கும் நடுவே 62.5 அல்லவா வர வேண்டும்? ஆட்கள் முழு அங்குலமாகவே உயரத்தைச் சொல்ல விரும்புகிறார்கள், ஆகவே பிரிவுக்குள் சமமாகப் பரவியிருக்கவில்லை என்று காரணத்தை அவரே அடிக்குறிப்பில் எழுதியிருக்கிறார். யோசித்து, மைய மதிப்பைக் கீழே இழுத்துவிட்டார். சூத்திரத்தைவிடத் தன் ஆட்களை அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. இன்று ஒரு மாணவர் தேர்வில் 62.2 என்று எழுதினால் சிவப்பு மைதான்.

டியூஷன் ஆசிரியர், மதுரை: பிரிவுகள் எத்தனை வைக்க வேண்டும்? ஐந்தா, பத்தா, பதினைந்தா என்று பிள்ளைகள் துளைக்கிறார்கள்.

துளைக்கிறவர்களிடம் ஸ்டர்ஜஸ் விதியைக் கொடுங்கள். 1926இல் வந்தது: எண்களின் எண்ணிக்கைக்கு அடிமானம் 2இல் மடக்கை எடுத்து 1 கூட்டுவது. 32 எண்களுக்கு 6 பிரிவு, 64க்கு 7, 128க்கு 8. எண்ணிக்கை இரட்டிப்பானால் ஒரே ஒரு பிரிவு கூடும். வகுப்பறை அளவுக்கு அழகாக வேலை செய்யும். ஒரு லட்சம் எண்களுக்கும் 18 பிரிவு போதும் என்று சொல்லும்போதுதான் கஞ்சத்தனம் தெரியும். பெரிய விவரங்களில் அது பாதி விஷயத்தைத் தேய்த்து அழித்துவிடும். அடியில் மணி போன்ற சமச்சீர் வடிவத்தை நினைத்துக்கொண்டு செய்த விதி, அதனால் நிலக் கணக்குப் பக்கம் அதை அழைத்துப் போகாதீர்கள்.

பத்திரிகை வடிவமைப்பாளர், சென்னை: நிகழ்வுச் செவ்வகத்தில் பட்டைகளை ஒட்டி வைக்கச் சொல்கிறார்கள். இடைவெளி விட்டால் பார்க்க நன்றாக இருக்கிறதே?

பட்டை வரைபடத்தில் விடுங்கள். தோசைக்கும் இட்லிக்கும் நடுவே ஒன்றும் இல்லை. 20க்கும் 20.1க்கும் நடுவே எண்கள் இருக்கின்றன, அவற்றை எங்கே துரத்துவீர்கள்?

நீங்கள் கேட்காத, உங்கள் தொழிலில் அதிகம் நடக்கும் தவறு வேறு. பிரிவுகளின் அகலம் சமமில்லாதபோது உயரமாக நிகழ்வெண்ணையே போட்டுவிடுவது. நிலக் கணக்கில் 1–2க்கு 17.62, 4–10க்கு 3.80. அப்படியே வரைந்தால் ஆறு ஹெக்டேர் அகலப் பட்டை 3.80 உயரத்தில் தடியாக நின்று, சிறு உடைமையைவிடப் பரப்பில் பெரிதாகத் தெரியும். 3.80ஐ அகலமான 6ஆல் வகுத்து 0.63 என்று போட வேண்டும். கண் பார்ப்பது பரப்பைத்தான், உயரத்தை அல்ல.

மாணவர், சேலம்: ஒரே விவரத்துக்கு எனக்கு முகடு 32, என் நண்பனுக்கு 36. இரண்டு பேரும் சூத்திரம் சரியாகத்தான் போட்டோம். யார் தப்பு?

இருவரும் தப்பில்லை, முகடுதான் குணம் கெட்டது. 42 எண்களை 5 அகலத்தில் தொகுத்தால் 15–20இலிருந்து வரிசையாக 2, 4, 10, 6, 9, 9, 2 வருகிறது என்று வையுங்கள். நீங்கள் 20–30, 30–40, 40–50 என்று சேர்த்தால் 14, 15, 11. அவற்றுக்கு முன்னால் 15–20இல் இருக்கும் 2 தனியாக நிற்கும். முகட்டுப் பிரிவு 30–40, சூத்திரப்படி முகடு 32. நண்பர் 15–25, 25–35, 35–45, 45–55 என்று சேர்த்தால் 6, 16, 18, 2, முகடு 36.1. ஆட்கள் அசையவில்லை, வேலியை ஐந்தடி நகர்த்தினோம், உச்சி இடம் மாறிவிட்டது. தொகுக்கப்பட்ட விவரத்தில் சராசரியும் இடைநிலை அளவும் இவ்வளவு ஆடுவதில்லை. முகட்டுக்குத் தசமம் போடுகிறவர்களைக் கண்டால் நான் கொஞ்சம் தள்ளியே உட்காருவேன்.

பெற்றோர், ஈரோடு: 30–40 பிரிவில் 12 பேர். 35க்குக் கீழே எத்தனை பேர் தவறியிருப்பார்கள்?

சூத்திரத்தைக் கேட்டால் 6 என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும். விடைத்தாள் திருத்துகிறவரைக் கேட்டால் சிரிப்பார். 35 தேர்ச்சி எல்லை. 33இல் நிற்கும் தாளில் இரண்டு மதிப்பெண் எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று தேடாத மனிதர் குறைவு. போலந்தில் பள்ளி இறுதித் தேர்வுக்குத் தேர்ச்சி எல்லை 30 சதவீதம். தாய்மொழித் தாளின் மதிப்பெண் பரவல் வரைபடம் அங்கே வெளியானபோது எல்லைக்குச் சற்றுக் கீழே ஒரு பள்ளமும், எல்லையில் ஒரு செங்குத்து மேடும் பளிச்சென்று தெரிந்தன. ஒவ்வொரு மதிப்பெண்ணையும் தனியாக வரைந்ததால் தெரிந்தது. அதையே இருபது இருபதாகத் தொகுத்திருந்தால் பள்ளமும் மேடும் ஒரே பட்டைக்குள் சமாதானமாகப் போயிருக்கும்.

எம்.எஸ்ஸி. மாணவி, தூத்துக்குடி: தொகுத்துக் கண்ட திட்ட விலக்கம் உண்மையைவிடக் கூடவா, குறையவா?

மணி வடிவப் பரவல் என்றால் வழக்கமாகச் சற்றுக் கூட. உச்சியின் இரு பக்கத்திலும் ஆட்கள் உச்சியை நோக்கிச் சாய்ந்திருக்க, நாம் அவர்களை மையத்துக்கு, அதாவது சற்று வெளியே தள்ளுகிறோம். ஷெப்பர்ட் 1898இல் இதற்கு மருந்து சொன்னார்: விலக்க வர்க்கச் சராசரியிலிருந்து பிரிவு அகலத்தின் வர்க்கத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கைக் கழித்துவிடு. அகலம் 10 என்றால் கழிப்பது 8.33. 152 வந்திருந்தால் 143.67 ஆகும், திட்ட விலக்கம் 12.33லிருந்து 11.99. பரவலின் இரு நுனியும் மெல்லத் தேய்ந்து தரையைத் தொட வேண்டும் என்பது பத்தியம். பத்தியம் இல்லாமல் சாப்பிட்டால் மருந்தே நோய்.

ஓய்வுபெற்ற தாசில்தார், தென்காசி: மாப்பிள்ளை வீட்டார் ஒரு படிவத்தில் பையனின் மாத வருமானத்தை "50,000–75,000" என்று குறித்திருக்கிறார்கள். 62,500 என்று எடுத்துக்கொள்ளலாமா?

நூறு மாப்பிள்ளை பார்க்கிறீர்கள் என்றால் எடுத்துக்கொள்ளலாம், கூடக் குறைய ஓரளவு சரிக்கட்டிப் போகும். ஒரே மாப்பிள்ளை என்றால் சம்பளச் சீட்டைக் கேளுங்கள். வருமானப் பிரிவில் ஆட்கள் எந்த எல்லைப் பக்கம் நெருங்கி நிற்பார்கள் என்று மேலே திருவாரூர்க்காரருக்குச் சொல்லியிருக்கிறேன்.